ஏலத்தில் போட்டது

கூரியர் அலுவலகத்தில் ஷாஜி பொட்டலத்தை எடை போடுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். சில வாரங்களாக இது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. ஆரியசாலையிலிருந்து பிச்சைக்கனி கொண்டுவரும் பொட்டலங்கள் ஒவ்வொன்றும் ஏலக்காய் மணத்தன. ஆனால் கையில் எடுத்துக் குலுக்கினால் ஏலக்காயின் சலசலப்பு இல்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவே எதையோ வைத்து ஒட்டியதுபோலத் தட்டையாக இருந்தது.

"சேச்சி, சத்தியம் பறயணும். இது எந்தாணு?"

"கார்டு."

"கல்யாணக் கார்டோ?"

"வெளையாட்டுக் கார்டு. பந்து அடிக்கவங்க படம். ஏலத்துல எடுத்திருக்காங்க, அனுப்புதேன்."

ஷாஜியின் முகம் தெளிந்தது. அவன் மலையாளத்தில் ஏலம் என்றால் ஏலக்காய்தான். அப்போதே நினைத்தேன் என்பதுபோலத் தலையாட்டி, உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் கட்டத்தில் 'ஏலம்' என்று எழுதி, லூதியானா போகும் குவியலில் பொட்டலத்தை எறிந்தான். மெதுவாகப் போடும்படி பிச்சைக்கனி சொன்னாள். ஏலக்காய்க்கு இத்தனை பவிசா என்று அவன் கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பொட்டலம் போகும்போதும் வீட்டில் ஒரு விரற்கடை இடம் கூடுவதுபோல அவளுக்கு இருந்தது. வெறுங்கையை வீசிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

அவர்கள் வீடு கடைக்கு மேலே. கீழே ஏலம், மிளகு, கிராம்பு மொத்த வியாபாரம். மேலே ஒரு கூடமும் இரண்டு அறைகளும். அதில் தெருவைப் பார்த்த பெரிய அறைக்கு ஏ.சி. உண்டு. அந்த அறையில் மனிதர்கள் வசிக்கவில்லை. நான்கு இரும்பு அலமாரிகளில் கார்டுகள் வசித்தன. பேஸ்பால்காரர்கள் ஒரு அலமாரி, கூடைப்பந்துக்காரர்கள் ஒன்று, கால்பந்துக்காரர்கள் ஒன்று, மிச்சம் இருந்த இடத்தில் நம்மூர்க் கிரிக்கெட்காரர்கள். ஒவ்வொருவருக்கும் பிளாஸ்டிக் உறை. இரவும் பகலும் அவர்களுக்குக் குளிர்ச்சி ஓடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு படுத்தார்கள். அறைக் கதவின் அடி இடுக்கில் கொஞ்சம் குளிர் கசியும். பிச்சைக்கனி தன் பாதங்கள் அந்த இடுக்குக்கு நேராக வரும்படி பாயைப் போட்டுக்கொள்வாள்.

கார்டுகளுக்குச் சொந்தக்காரன் அவள் கணவன் வெங்கிடேஷ். கடையைத் தொடங்கிய சுடலைக்கண்ணுவின் ஒரே மகன். தொட்டிலிலிருந்து ஏல மணத்தில் வளர்ந்தவனுக்கு அந்த மணத்தின் மேலேயே ஒரு மனத்தாங்கல். எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்தச் சபைக்குப் போனாலும் அவனுக்கு ஓர் அடி முன்னால் கடை போய் நின்றது. கொரோனாக் காலத்தில் கடை பூட்டிக் கிடந்தபோது, கழக்கூட்டத்து ஐ.டி. பையன்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து கார்டுப் பெட்டிகள் வரவழைத்து உடைப்பதை ஃபோனில் பார்த்தான். பெட்டிக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாத அந்த ஒரு நிமிஷம் அவனைப் பிடித்துக்கொண்டது. பேஸ்பால் ஆட்டத்தை அவன் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. ஒருமுறை பார்க்க உட்கார்ந்து, எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் தடுக்கிறது என்று பிடிபடுவதற்குள் தூங்கிவிட்டான். ஆனால் அந்த ஆட்டக்காரர்களைத் தொடுவதற்கு வெள்ளைத் துணிக் கையுறை வைத்திருந்தான். சாலைக் கடைத்தெருவில் பேண்டு வாத்தியக்காரர்களுக்குச் சீருடை விற்கும் கடையில் வாங்கியது.

தன்னைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு நிறைவு ஏற்படவில்லை. மாடிப்படி தொடங்கும் இடத்தில் பித்தளைப் பலகையில் 'வெங்கிடேஷ், கலெக்டர்' என்று மூன்று மொழிகளில் வெட்டி மாட்டினான். அடுத்த வாரமே கரமனையிலிருந்து மாடம்மாள் என்ற அம்மாள் முதியோர் பென்ஷன் மனுவோடு படியேறி வந்துவிட்டாள். வெங்கிடேஷ் அவளை உட்காரச் சொன்னான். மனுவை முழுதாகப் படித்தான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினான். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றான். அதற்குப் பிறகுதான் உண்மையான கலெக்டர் ஆபீஸுக்குக் குடப்பனக்குன்னு பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்பினான். அன்று சாயங்காலம் முழுக்க அவன் நடையே வேறாக இருந்தது.

'அனந்தபுரி கார்ட் கலெக்டர்ஸ் ஃபோரம்' என்று ஒன்றைத் தொடங்கித் தலைவனும் ஆனான். கூட்டங்களில் மனைவியை 'மிஸஸ் கனி' என்று அறிமுகப்படுத்துவான். பெயரின் முன்பாதியான பிச்சை, ஒரு கலெக்டர் மனைவிக்குப் பொருந்தாது என்பது அவன் கருத்து. சேகரிப்பின் மதிப்பை அவன் ரூபாயில் சொன்னதில்லை, படுக்கையறையில் சொல்வான். முதல் வருஷம், இதை விற்றால் கழக்கூட்டத்தில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் வாங்கலாம் என்றான். மேடைக்கு மேடை அறைகள் கூடி, போன ஓணத்தின்போது அது மூன்று படுக்கையறையும் கார் நிறுத்த இடமுமாக வளர்ந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், நிபுணரைக் கூட்டிக்கொண்டே வரலாம் என்று மைக்கில் அழைப்பும் விடுத்திருந்தான்.

அந்த அழைப்புதான் இப்போது அவன் தூக்கத்தைத் தின்றது. சேகரிப்பின் மகுடம் என்று அவன் சொல்லிவந்த பழைய பேஸ்பால் கார்டு ஒன்று இருந்தது. மட்டையைத் தோளில் சாய்த்து ஓர் ஆள் நிற்கும் படம். புதுப் பூதக்கண்ணாடி வாங்கிய அன்று ஆசையாக அதை வைத்துப் பார்த்தபோது, கீழ் ஓரத்தில் எறும்பைவிடச் சிறிய எழுத்தில் 'ரீபிரிண்ட்' என்று அச்சடித்திருந்தது. மறுபதிப்பு. வெங்கிடேஷ் பூதக்கண்ணாடியை அதன் பெட்டியில் வைத்து மூடினான். மறுநாள் அந்தக் கார்டுக்குத் தேக்கில் சட்டம் போட்டான். கீழ்ப்பக்கம் மட்டும் சட்டம் கொஞ்சம் அகலம். மற்ற கார்டுகளில் எதையும் அதன் பிறகு அவன் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்காதவரைக்கும் மூன்று படுக்கையறைகளும் அப்படியே இருக்கும்.

அப்போதுதான், வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தது. ஒரு நாள் அலமாரியைத் திறந்தால் கூடைப்பந்துக்காரர்களின் உறைக்குள் ராமபாணப் பூச்சி நெளிந்துகொண்டிருந்தது. வெங்கிடேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். காப்பி கொண்டுவந்த பிச்சைக்கனி, வருஷக்கணக்காக மனதில் இருந்ததைத் துணிந்து கேட்டாள்.

"ஏங்க, பேசாம எல்லாத்தையும் ஏலத்துல போட்டுருவமா?"

அவன் நிமிர்ந்தான். "போடு. இத்தன நாளு எனக்கு இது தோணலியே. ஒண்ணு விடாம போட்டுரு, கேட்டியா."

"நெசமாத்தான் சொல்லுதீங்களா? பெறவு மாத்திப் பேசப்பிடாது."

"எங்க அப்பா வீட்டுப் பத்திரத்தையே ஏலத்துலதான் போட்டிருந்தாரு. அதவிட பெருசா இது?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிச்சைக்கனி சுரண்டைக்காரி. அவள் பிறந்த ஊரில் ஏலம் என்றால் கூவி விற்பது; பாயசத்தில் போடுவது ஏலக்காய். ஆரியசாலையில், அதுவும் அந்த வீட்டில், ஏலம் என்றால் சரக்கு ஒன்றுதான். கூவி விற்பதை மலையாளக்காரர்களைப் போல லேலம் என்பார்கள். போடிக்குப் போய் ஏலத்தை ஏலத்தில் எடுத்தேன் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? தவிர, அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க, பத்திரங்களையும் பட்டுப்புடவைகளையும் சுடலைக்கண்ணு ஒரு பெரிய தகர டிரம்மில் பழைய ஏலத்துக்குள் புதைத்து, மூடியை அரக்கு வைத்து அடைத்துவிடுவார். பிச்சைக்கனி கல்யாணமாகி வந்தது அவர் போய்ச் சேர்ந்த பிறகு. சின்ன அறை மூலையில் நின்ற டிரம்மை மாதிரிச் சரக்கு என்று நினைத்துத் தூசி தட்டியதோடு சரி. மாமனார் வீட்டுப் பத்திரத்தையே ஏலத்தில் விட்ட கதை அவளுக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நொடித்த காலம் ஒன்று இருந்திருக்கும், மீட்டிருப்பார்கள், நாம் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

மழை கழியும்வரை தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்றும் வெங்கிடேஷ் சொன்னான். அடைத்த டிரம்மைத் திறந்தால் ஈரம் ஏறும் என்பது அவன் கணக்கு. பெற்ற பிள்ளையை அனுப்பும் தகப்பன் வாசலுக்கு வராமல் இருப்பதைப்போல என்று அவள் எடுத்துக்கொண்டு, அவனிடம் இத்தனை பெரிய மனது இருந்ததா என்று உருகினாள். அன்று அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு வைத்தாள்.

விற்பது அவளுக்குச் சுலபமாகவே வந்தது. கடைக்கு ஃபோனில் வரும் ஆர்டர்களைப் பார்ப்பவள் அவள்தான். இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, ஏலக்காய் தரம் பிரிக்கும் மேஜைமேல் கார்டுகளைப் பரப்பிப் படம் எடுத்தாள். கார்டு உலகத்தில் தரத்தைச் சொல்ல என்னென்னவோ சொற்கள் உண்டு. அவளுக்குத் தெரிந்தது சரக்கின் தரம். 'நிறம் நன்று. வெடிப்பு இல்லை. நன்றாகக் காய்ந்தது' என்று எழுதினாள். பூச்சி தொட்டதற்குப் பூச்சி தொட்டது என்றே எழுதினாள். கேட்பாரற்ற கார்டுகளைச் சாக்குக் கணக்கில் 'கலப்புச் சரக்கு' என்று போட்டாள். கௌஹாத்தியில் ஒரு பள்ளி ஆசிரியர், பரிசு கொடுக்க ஆகும் என்று அதை மொத்தமாக எடுத்துக்கொண்டார். ஒரு படுக்கையறை அவ்வளவில் காலி. வாங்கியவர்கள் எல்லோரும், சொன்னபடி இருந்தது, நல்ல வாசனை என்று நட்சத்திரம் போட்டார்கள். கொஞ்ச நாளில் பிச்சைக்கனிக்கும் தலை லேசாகக் கனத்தது. பக்கத்துக் கடை அண்ணாச்சி காய்ப்பு எப்படி என்று விசாரித்தால், "நம்ம ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு" என்று பதில் சொன்னாள்.

அலமாரிகள் இரும்புக் கடைக்குப் போயின. ஏ.சி. அறையில் கட்டில் வந்தது. கார்டுகள் டிரம்முக்குள் பத்திரமாக இருக்கும்போது குளிர் வீணாகப் போவானேன் என்று வெங்கிடேஷும் அதில் வந்து படுத்தான். கண்ணில் படாத சேகரிப்பு அவனுக்கு வெகுவாக ஒத்துப்போயிற்று. துடைக்க வேண்டாம், புரட்ட வேண்டாம், பூதக்கண்ணாடியைப் பற்றி நினைக்க வேண்டாம். அவனுக்குக் குறட்டை வரும் என்பதே அந்த மழையில்தான் பிச்சைக்கனிக்குத் தெரிந்தது.

கர்க்கடகம் என்று அங்கே சொல்லும் ஆடி முடியும் தறுவாயில் ஃபோரத்தின் செயலாளர் சஜின் ஃபோன் செய்தான். கழக்கூட்டத்தில் வேலை, தலைவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பும் பையன். கொச்சியிலிருந்து ஹரிகுமார் என்று கார்டு மதிப்பிடும் நிபுணர் ஊருக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை சேட்டன் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன், ஃபோரத்துக்கே பெருமை என்றான். வெங்கிடேஷ் மழையைக் காரணம் சொன்னான். காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றான். டிரம்மைத் திறக்க ஆவணி, அதாவது சிங்க மாதம், பிறக்க வேண்டும் என்றான். காகிதத்தை ஏலத்தில் புதைத்துக் காக்கும் முறையைக் கேள்விப்பட்டதும் சஜின் இன்னும் சூடாகிவிட்டான். நிபுணர் அதையும் பார்க்க வேண்டும் என்றான்.

அந்த வாரம் வெங்கிடேஷ் சோறு சரியாகத் தின்னவில்லை. கார்டுகள் நல்ல விலைக்குப் போயிருந்தும் மனுஷனுக்குப் பிரிவு ஆறவில்லையே என்று பிச்சைக்கனி நினைத்தாள். அவன் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அகலச் சட்டத்தை ஹரிகுமார் கழற்றச் சொல்வார். சஜின் எட்டிப் பார்ப்பான். அப்புறம் இந்த ஊரில் தனக்கு மிஞ்சப்போவது ஏலக்கடை மணம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சஜினும் ஹரிகுமாரும் ஃபோரத்துப் பையன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஹரிகுமார் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, காற்றை முகர்ந்தார். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்பவர்போல இன்னொருமுறை முகர்ந்தார். கூடத்தில் டீ கொண்டுவந்த பிச்சைக்கனியை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

வெங்கிடேஷ் கையுறைகளை மாட்டிக்கொண்டு டிரம்மின் முன்னால் நின்று, பாதுகாத்தல் என்னும் கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். பேச்சு நீண்டது. தொல்பொருள், சந்ததி, பாரம்பரியம் எல்லாம் வந்து போயின. டீ தீர்ந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் அரக்கை உடைத்தான். மூடி திறந்ததும் எழுந்த மணத்தில் பையன்கள் இரண்டு பேரும் தும்மினார்கள். வெங்கிடேஷ் கையை உள்ளே விட்டான். முழங்கைவரை விட்டான். தோள்வரை விட்டான். வீட்டுப் பத்திரம் வந்தது. அவன் அம்மாவின் கூறைப்புடவை வந்தது. பிறகு ஏலம், ஏலத்துக்கு அடியிலும் ஏலம்.

"கனி, கார்டு எங்க?"

"ஏலத்துல போட்டாச்சுல்லா."

"அதான் கேக்கேன். ஏலத்துல காணலியே."

"எப்படிக் காணும்? போட்டதெல்லாம் போயிட்டே."

"எங்க போச்சு?"

"லூதியானா, கௌஹாத்தி, நாக்பூரு."

டிரம்முக்கு அடியில் ஓட்டை இருக்குமோ என்று சஜின் குனிந்து பார்த்தான். சுவரோரமாக நின்ற ஹரிகுமார்தான் மெல்லச் சொன்னார்: "சேச்சி பறயுந்நது லேலம். ஆன்லைன் லேலம். அல்லே?"

"ஆமா, லேலம். அதத்தான நானும் சொல்லுதேன்," என்றாள் பிச்சைக்கனி. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. பத்திரம், மாமனார், டிரம் எல்லாம் ஒன்றாக விளங்கின.

எல்லோரும் வெங்கிடேஷைப் பார்த்தார்கள். ஒரு பையன், மயங்கி விழுந்தால் பிடிப்பதற்காகப் பின்னால் வந்து நின்றான். வெங்கிடேஷ் கையுறையைக் கழற்றினான். அது பச்சையாகியிருந்தது. பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வெகுநாளாக இறுக்கிக் கட்டியிருந்த எதையோ யாரோ பின்னாலிருந்து அவிழ்த்துவிட்டதுபோல அவன் தோள்கள் தாமாக இறங்கின.

"எல்லாமே போயிட்டா?" என்று கேட்டான். குரல் நடுங்கியது. துக்கத்தில் என்று சஜின் நினைத்தான்.

"எல்லாம் போயிட்டு. ஒண்ணு மட்டும் போகல."

"அது ஏதாணு சேச்சி? நோக்கட்டே," என்று சஜின் பாய்ந்தான்.

பிச்சைக்கனி கணவனைப் பார்த்தாள். இறங்கிய தோள்கள் மறுபடியும் காதுவரை ஏறுவதைப் பார்த்தாள். "அத நான் விக்கல," என்றாள். "எனக்கு வேணும்னு எடுத்து வச்சிருக்கேன். யாருக்கும் காட்டமாட்டேன்."

ஹரிகுமார் காலி டீக்கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நேர்மையான விவரம் எழுதுகிற ஒரு விற்பனையாளரிடம் தானும் இந்த மழையில் ஒரு பொட்டலம் எடுத்ததாகவும், பிரித்தபோது பாயச மணம் வந்ததாகவும், அந்த விற்பனையாளர் போட்டிருந்த விவரங்களை ஒன்று விடாமல் வாசித்திருப்பதாகவும் மலையாளத்தில் சொன்னார். ஒன்று விடாமல் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. விற்க வேண்டிய நேரத்தில் விற்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான் என்று முடித்தார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வெங்கிடேஷ் எழுந்தான். வேட்டியைத் தட்டிவிட்டான். "மார்க்கெட் உச்சத்துல நிக்கச்சில எக்ஸிட் ஆகணும் சஜினே. ஞான் நேரத்தே தீருமானிச்சதாணு," என்றான், முன்பே முடிவெடுத்திருந்தவன்போல. சஜின் அதைக் குறித்துக்கொண்டான். மிஸஸ் கனியின் சென்டிமென்ட் தன்னைத் தொட்டுவிட்டது என்று ஒரு பையன் சொன்னான். போகும்போது ஹரிகுமார் கீழே கடையில் நின்று, முதல் தரத்தில் அரைக்கிலோ ஏலம் வாங்கிக்கொண்டு போனார்.

அவர்கள் தெரு திரும்பும்வரை கணவனும் மனைவியும் படியில் நின்றார்கள். பிறகு அவன் கேட்டான்.

"அந்த ஒண்ணுல கீழ எழுதியிருக்கத நீ பாத்தியா?"

"சட்டத்தக் கழட்டையில பாத்தேன். அதையும் எழுதித்தான் போட்டேன். அதான் ஒருத்தரும் கேக்கல."

"எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே நீ."

"என்ன கேக்கதுக்கு? சட்டம் போட்ட ஆளு நீங்கதான."

வெங்கிடேஷ் பித்தளைப் பலகையில் இருந்த ஒரு தூசியைத் துடைத்தான். விற்று வந்தது இத்தனை நாள் ஏ.சி. ஓடிய கரண்ட் பில்லுக்குச் சரியாகப் போயிற்று என்று அவளாகவே சொன்னாள். அது நஷ்டமில்லைதானே என்று கேட்டான். இல்லை என்றாள். அவனுக்கு அடக்கமுடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. மூன்று படுக்கையறைகளையும் கார் நிறுத்தும் இடத்தையும் ஒரேயடியாகக் காலி செய்துவிட்டு வந்தவனைப்போலச் சிரித்தான். பிறகு பசிக்கிறது என்றான்.

மறுநாள் காலை கடையில் கூட்டம். வெங்கிடேஷ் தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்தான். நிறுத்த ஏலத்தைப் பையில் கொட்டியபோது நாலைந்து காய்கள் தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டன. "அந்த அட்டையால தள்ளுங்க," என்றாள் பிச்சைக்கனி, வேறு யாருக்கோ பில் போட்டுக்கொண்டே. இத்தனை நாள் தரம் பிரிக்கும் மேஜையில் அவளுக்குத் தட்டு வழித்துக்கொண்டிருந்த அது, இப்போது தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. சட்டமில்லை, உறையில்லை. மட்டையைத் தோளில் சாய்த்தவன் முழங்கால்வரை பச்சைத் தூளில் நின்றான். வெங்கிடேஷ் அதை வெறுங்கையால் எடுத்தான். தட்டில் உரசி உரசிக் கீழ் ஓரத்துப் பொடி எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. இன்னும் பத்துத் தட்டு வழித்தால் மிச்சமும் போய்விடும். அப்புறம் எந்தப் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாது.

எதிரே ஆள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வெங்கிடேஷ் கொஞ்ச நேரம் கார்டைப் பார்த்தான். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, மேல் ஓரத்தால் காய்களை வழித்தான். மட்டைக்காரன் தலைகீழாக நின்று, ஒன்று விடாமல் ஏலத்தைப் பையில் தள்ளினான்.